சிறப்பு விருந்தினர் வரும்வரை பொறுத்துக்கொள்ளவும்

சிரிக்க வைக்கிற தொழிலில் இருப்பவளுக்கு முதல் எதிரி, கைகட்டிக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் முன்வரிசை. அந்த முன்வரிசையில் சொந்த அப்பாவே உட்கார்ந்திருந்தால் வேறு எதிரியே வேண்டாம்.

என் பெயர் கல்பனா. பெங்களூர் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்த்தேன். ஆட்களை வேலையை விட்டு அனுப்பும்போதும் சிரித்த முகமாக இருக்கச் சொன்னார்கள். வெறுத்துப்போய், சிரிப்பையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று மைக்கைப் பிடித்துவிட்டேன். மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடி முதல் வேலை. சீரியலில் நடிப்பது இரண்டாவது. தெருவில் நின்று நியாயம் கேட்பது மூன்றாவது. அது யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காமல், "அதாவது, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று விளக்கம் சொல்ல நேர்ந்த துரதிர்ஷ்டசாலிகளே, நீங்கள் என் இனம். நீங்கள் கல்யாண வீட்டில் விளக்கியிருப்பீர்கள், ஆபீஸ் கேன்டீனில் விளக்கியிருப்பீர்கள். நான் போலீஸ் ஸ்டேஷனில் விளக்கினேன். பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறையைப் பற்றிய ஜோக் அது. அந்தப் பூட்டு திறக்குமா, அல்லது என் வாய்க்கு ஒரு பூட்டு வருமா என்று சோறு இறங்காமல் திரிந்தேன். இப்போது நன்றாக இறங்குகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

அப்பா பார்த்த முதல் ஷோ

அம்மா போனபிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். எந்த பாஷையிலும் சிரிக்க மாட்டார். கோபக்காரர் எல்லாம் இல்லை. சிரிப்பதற்கு என்று அவரிடம் ஒரு காரணம் இருந்தால் சிரிப்பார். அந்தக் காரணம் என்ன என்பதுதான் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

என் முதல் ஷோ ஒரு காபிக் கடை மாடியில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜோக்கின் கடைசி வார்த்தையைச் சொன்னதும் நிறுத்த வேண்டும். சிரிப்பு வந்து அடங்க இடம் விட வேண்டும். சிரிப்பே வராவிட்டாலும் நாக்கு தானாக நின்றுவிடும். அன்றைக்கு நான் நிறுத்திய இடத்தில் எல்லாம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும்தான் வந்தது. பின்னால் இருந்த சிலர் பாவம் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அல்சூர் ஏரி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே வெட்கத்தை விட்டு "எப்படிப்பா இருந்துது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு அக்கறையோடு சொன்னார்: "நல்லாத்தான் பேசின. ஆனா நடுவுல நடுவுல நிறுத்திடறியே, மறந்து போயிடுதாம்மா?"

சந்தாபுரா நாத்தனார்

அப்புறம் எப்படியோ மேடை கைவந்தது. என் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு தமிழ் சீரியலுக்குக் கூப்பிட்டார்கள். கதைப்படி மாப்பிள்ளை வீடு பெங்களூரில். சந்தாபுரா பக்கம் ஒரு பங்களாவில் ஷூட்டிங். எனக்கு நாத்தனார் வேஷம். மருமகளைக் கொடுமைப்படுத்துவதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு ஜோலி கிடையாது.

முதல் நாள், "இந்த வீட்ல நீ குடிக்கிற தண்ணிகூட என்னக் கேட்டுத்தான் குடிக்கணும்" என்பது வசனம். சொன்னேன். சொன்னதும் பழக்கதோஷம், நிறுத்தினேன். எதிரே மருமகளாக நடித்த பெண் பதில் வசனத்தை வாயில் வைத்துக்கொண்டு தவிக்கிறாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருக்கிறேன். திரும்ப எடுத்தார்கள், திரும்ப நிறுத்தினேன். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மானிட்டரில் போட்டுப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அந்த நிறுத்தத்தில் நான் பார்க்கிற பார்வை அவ்வளவு கொடூரமாக இருந்ததாம். நாத்தனார் பார்ட்டைப் பெரிதாக்கினார்கள்.

பலன் என்ன? மறுவாரம் காலையில் பால் வாங்க வெளியே வந்தேன். எங்கள் தெருவைப் பெருக்கும் லட்சுமம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வழிமறித்தாள். அந்தம்மா எனக்குக் குழந்தையில் இருந்து பழக்கம். அன்றைக்கு முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவே கேட்கும்படி சொன்னாள்: "நேத்து அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல நீ. நல்லாருப்பியா நீ?"

ஒரு சொம்பு தண்ணீர்

சீரியல் வேறு, நான் வேறு என்று எவ்வளவு சொன்னாலும் லட்சுமம்மா விடவில்லை. சரி, நான் அவ்வளவு மோசமானவள் இல்லை என்று காட்டலாம் என்று உள்ளே ஓடி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை. அன்றைக்கு வெயில் வேறு. கோபத்தில்தான் மறுக்கிறாள் என்று நினைத்து, காபி போடட்டுமா, மோர் வேணுமா என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டேன்.

கோபம் எல்லாம் இல்லை. விடியற்காலையில் வேலைக்கு வந்தால் மத்தியானம் வீட்டுக்குப் போகும்வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லையாம். அவளோடு வேலை செய்யும் பெண்கள் யாருமே குடிப்பதில்லையாம். காலையில் அவர்களுக்கு ஹாஜர் எடுக்கிற முனையில் கழிப்பறை கட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, பெண் படம்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரிய பூட்டு தொங்குகிறது. நானும் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். பார்த்திருக்கிறேன். யாருக்கோ ஏதோ காரணம் இருக்கும் என்று போய்விட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது; அழுகையும் வந்தது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். லட்சுமம்மாதான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டே என்னைத் தேற்றுகிற மாதிரி கேட்டாள்: "குடிச்சிட்டு எங்க போறது கண்ணு? நீயே சொல்லு."

சம்பங்கி அண்ணன் சொன்ன காரணம்

அந்தக் கழிப்பறையைக் கட்டியது ஏரியாப் பெரியவர்கள் சேர்ந்த ஒரு கமிட்டி. செயலாளர் சம்பங்கி அண்ணன். கெட்டவர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியாவில் சாவு என்றாலும் கல்யாணம் என்றாலும் முதலில் வந்து நாற்காலி போடுவது அவர்தான். அவருக்கு இருக்கிற ஒரே வியாதி விழா. தெருவில் ஒரு குப்பைத்தொட்டி வைத்தாலும் மாலை, மைக், பொன்னாடை இல்லாமல் வைக்க மாட்டார்.

போய்க் கேட்டேன். "வாம்மா நாத்தனாரே" என்று வரவேற்றார். பூட்டைப் பற்றிக் கேட்டதும் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். திறந்து வைக்க ஒரு பெரியவரைச் சீஃப் கெஸ்ட்டாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அரசியலில் உள்ளவர், ரொம்ப பிஸி. அவர் பெயரைப் பொறித்துக் கல்வெட்டுகூட வந்துவிட்டது. பச்சைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தேதி மட்டும்தான் பாக்கி. அவர் வருவதற்கு முன்னால் யாராவது உள்ளே போய்விட்டால் அப்புறம் அவர் எதைத் திறப்பார்?

"அதுவரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்கண்ணா?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டேன். அவரும் நிஜமாகத்தான் பதில் சொன்னார்: "பெரியவர் டேட் குடுக்கற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லும்மா."

அடுகோடி ஹாலில் எழுதாத ஜோக்

அடுகோடியில் ஒரு பழைய லேத் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி ஹாலாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் அங்கே எனக்கு ஷோ. தயார் செய்து வைத்திருந்தது என் பழைய ஹெச்.ஆர். கதை. மைக்கைப் பிடித்ததும் அது வாயில் வரவே இல்லை. சம்பங்கி அண்ணன்தான் வந்தார்.

"எங்க ஏரியால புதுசா ஒரு டாய்லெட் கட்டியிருக்காங்க. பளபளன்னு இருக்கு. பூட்டியிருக்கு. ஏன்னு கேட்டேன். தெறக்க வேண்டிய சீஃப் கெஸ்ட் இன்னும் டேட் குடுக்கலையாம். கல்யாணத்துக்கு நாள் பாப்பாங்க, கிரகப்பிரவேசத்துக்கு நாள் பாப்பாங்க. ஒண்ணுக்குப் போக நாள் பாக்கறது எங்க ஏரியாலதான். சரி, அதுவரைக்கும் பொம்பளைங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். பொறுத்துக்கச் சொன்னாங்க." நிறுத்தினேன்.

ஹால் இடிந்து விழாதது ஆச்சரியம். ஒரு அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சிலர் சிரித்து முடித்தபிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தத் துண்டை யாரோ மொபைலில் எடுத்துப் போட, மறுநாளே அது என்னைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. பூட்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கப் பையன்கள் வந்தார்கள். ஷோ நடத்துகிற தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். சம்பங்கி அண்ணன் சொன்னதைத் தவிர அதில் நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. இவன் கண்ணெல்லாம் பூரிக்கக் கேட்கிறான்: "அக்கா, செம ஸ்க்ரிப்ட்! எவ்ளோ நாளா உக்காந்து எழுதினீங்க?"

கோஷம் போடத் தெரியாதவள்

வீடியோ ஓடினால் பூட்டு திறந்துவிடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். பூட்டு அப்படியேதான் தொங்கியது. பச்சைத் துணிக்கு மட்டும் புதுசாக ஒரு கயிறு கட்டினார்கள், யாரும் தூக்கிப் பார்க்காமல் இருக்க. சரி, ஒரு காலையில் ஹாஜர் முடிந்ததும் லட்சுமம்மாவும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் நானும் பூட்டு முன்னால் நிற்கலாம் என்று முடிவாயிற்று. என் கையில் ஒரு சின்ன மெகாபோனைக் கொடுத்தார்கள்.

கோஷம் போடுவது ஒரு தனி வித்தை. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு எங்கே வரும்? "சாவி எங்கே?" என்றேன். நாக்கு நின்றுவிட்டது. ஐயோ, இங்கேயும் சொதப்பிவிட்டேனே என்று உடம்பு கூசியது. அந்த இடைவெளியில் பச்சைக் கோட்டு யூனிஃபார்ம் போட்ட அந்தப் பெண்கள் அத்தனை பேரும் "சாவி எங்கே?" என்று திருப்பிக் கத்தினார்கள் பாருங்கள், பக்கத்து மரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டது. நான் விட்ட இடத்தை இவ்வளவு நிறைவாக எந்தக் கூட்டமும் நிரப்பியதில்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் லட்சுமம்மா வந்து என் முதுகைத் தட்டினாள்: "நீ நிறுத்தற எடம் நல்லாருக்கு கண்ணு. எங்களுக்குக் கத்த வசதி."

துபாய்க்குப் போன நாத்தனார்

அதற்கப்புறம்தான் சனி பிடித்தது. பெரியவரின் ஆட்கள் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். கமிட்டியில் ஒரே களேபரம். பெரியவரைக் கேலி செய்து அவமானப்படுத்திவிட்டாள் என்று சம்பங்கி அண்ணன் கையெழுத்தோடு என்மேல் ஸ்டேஷனில் ஒரு புகார் போனது. நான் பெரியவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, கல்வெட்டில்தான் இருக்கிறதே!

உடனே போன் வர ஆரம்பித்தது. ஒரு காபிக் கடைக்காரர், "மேடம், எங்க ஃபுல் சப்போர்ட் உங்களுக்குத்தான். நீங்க மட்டும் இப்போதைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். அடுகோடித் தம்பி, ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்றான். போன மாதம்தான் அடித்திருந்தார்கள். சம்பங்கி அண்ணனே ஒரு நாள் கூப்பிட்டார். போட்டவர்களிடம் சொல்லி வீடியோவை நீக்கிவிட்டு, தப்புதான் என்று ஒரு வார்த்தை வீடியோவில் சொல்லிவிட்டால் புகாரை வாபஸ் வாங்கிவிடுகிறாராம். "பூட்டு?" என்று கேட்டேன். "அத அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார்.

மறைக்க மாட்டேன், சொல்லிவிடலாமா என்று இருந்தது. எனக்குப் பயம். மைக் இல்லாமல் எனக்கு என்ன தெரியும்? ஆனால் காலையில் வாசலைத் திறந்தால் எதிரே லட்சுமம்மா. அவளிடம் என்ன சொல்வேன், நீ பொறுத்துக்கொள் என்றா? அது சம்பங்கி அண்ணன் வசனமாயிற்றே! முடியாது என்று போனில் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு சீரியல் மேனேஜர் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது: "மேடம், ஒரு சின்ன சேஞ்சு. கதைப்படி நீங்க நாளைல இருந்து துபாய் போறீங்க."

சிரிப்பு எங்கே வர வேண்டும்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் வேலையைத் தவிர யாரும் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவர் அதே வெள்ளைச் சட்டையும் பேனாவுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "தனியா எதுக்குப் போற?" என்றார். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் நடுவயசு, பார்க்கவே களைப்பாக இருந்தார். ஒரு பக்கம் சம்பங்கி அண்ணன், இன்னொரு பக்கம் நானும் அப்பாவும், கதவோரம் ரத்னம்மா என்ற ஹெட் கான்ஸ்டபிள். வீடியோவை ஓட விட்டார்கள். பாதியில் நின்று நின்று சுற்றியது. இன்ஸ்பெக்டர் மொபைலைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்களே ஹேளி மேடம், சொல்லுங்க" என்றார்.

என் வாழ்க்கையிலேயே மோசமான ஷோ அது. மைக் கிடையாது, லைட் கிடையாது, தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று. சொன்னேன். "பொறுத்துக்கச் சொன்னாங்க" என்று முடித்தேன். நாக்கு நின்றுவிட்டது. அந்த இடத்திலும்! இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். அவர் மேஜையில் முன்னால் சாய்ந்து, நிஜமான சந்தேகத்தோடு, "இதரல்லி எல்லி நகபேகு மேடம்? எங்க சிரிக்கணும்?" என்று கேட்டார்.

விளக்கினேன். ஜோக்கை விளக்குவது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்கே தெரியும். விளக்க விளக்க அது இன்னும் செத்துக்கொண்டே போயிற்று. அப்போது கதவோரம் இருந்து ரத்னம்மா, "மேடம், அந்த டாய்லெட் எப்போ தெறக்கறாங்க? ஊர்வலம், பந்தோபஸ்துன்னா நாங்களும் அந்த முனைலதான் நாள் பூரா நிக்கறோம்" என்றார். இன்ஸ்பெக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "சார், நான் ஒண்ணு சொல்லலாமா? இதுல ஜோக்கே இல்ல சார். நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டு வரேன். நடந்தத அப்படியே சொல்றா. நடுவுல நடுவுல நிறுத்திடறா, அவ்வளவுதான்."

பெற்ற தகப்பன் என் தொழிலைப் போலீஸ் முன்னால் இப்படிக் கவிழ்த்தானே என்று ஒரு பக்கம் ரத்தம் கொதித்தது. இன்னொரு பக்கம் பார்த்தால் இன்ஸ்பெக்டர் முகத்தில் வெளிச்சம். சம்பங்கி அண்ணன் பக்கம் திரும்பி, "இவங்க சொன்னதுல சுள்ளு யாவுது? எது பொய்?" என்று கேட்டார். சம்பங்கி அண்ணன் யோக்கியர், பொய் சொல்ல வராது. "பொய் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நான் சொன்னதுதான். ஆனா சொல்லிட்டு நிறுத்தினாங்க பாருங்க, அதுலதான் சார் ஜனங்க சிரிச்சுட்டாங்க" என்றார். இன்ஸ்பெக்டர் புகாரை ஓரமாகத் தள்ளினார்: "பேசினதுக்கு என்கிட்ட செக்‌ஷன் இருக்குப்பா. நிறுத்தினதுக்கு எந்த செக்‌ஷனும் இல்ல."

புது சீஃப் கெஸ்ட்

வெளியே வந்ததும் நானும் அப்பாவும் எதிர்க்கடையில் ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசியான இட்லியை நான் தின்றதே இல்லை. உடம்பில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் பூட்டு? அதுதான் வேடிக்கை. ஊரே சிரித்தபிறகு அந்தக் கழிப்பறைப் பக்கம் எந்தப் பெரியவரும் எட்டிப் பார்க்கத் தயாராக இல்லை. கல்வெட்டில் இருந்தவர், "என் பேரே அங்க இருக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அடுத்த வரிசைப் பெரியவர்களைக் கேட்டார்கள். எந்தத் தேதி சொன்னாலும் எல்லாருக்கும் அன்றைக்கு வெளியூர். ரத்னம்மா வேறு போகும்போதும் வரும்போதும் சம்பங்கி அண்ணனை நிறுத்தி "ஏன் அண்ணா, தெறந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். விழா இல்லாமல் திறக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. விழாவுக்கோ ஆள் கிடைக்கவில்லை.

ஒரு சாயந்திரம் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா காபி கொடுத்தார். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டிவில வர்றவங்க யாராச்சும் வந்தாத்தான் விழா மாதிரி இருக்கும். துபாய்ல இருந்து ஒரு நாள் வந்துட்டுப் போம்மா."

திறப்பு விழா

ஷாமியானா, மாலை, மைக், சிவப்பு ரிப்பன். ஒன்றும் குறைவில்லை. பழைய கல்வெட்டைக் குப்புறப் போட்டு வாசல் படியாக்கியிருந்தார்கள். நல்ல அகலமான கல், வழுக்காது. முன்வரிசை முழுக்கப் பச்சைக் கோட்டுப் பெண்கள். ஓரத்தில் ரத்னம்மா. அவர் பக்கத்தில், வேறு யார், கையைக் கட்டிக்கொண்டு அப்பா. சம்பங்கி அண்ணன் எனக்குப் பொன்னாடை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

இத்தனை நாள் மைக் இல்லாமல் காய்ந்து கிடந்தவள் கையில் மைக்கைக் கொடுக்கலாமா? ஆரம்பித்துவிட்டேன். பூட்டின் கதை, நாத்தனார் கதை, ஸ்டேஷன் ஃபேன் கதை. நல்ல நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ஒருத்தர் சிரிக்கவில்லை. முன்வரிசை நாற்காலியில் நெளிந்தது. ஒருத்தி காலை மாற்றி மாற்றிப் போட்டாள். சரி, இன்னும் நல்ல ஜோக்காகச் சொல்வோம் என்று அடுத்ததற்குப் போனேன். எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்! பூட்டு முன்னால் நின்றுகொண்டு, சாவியைப் பக்கத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, ஊரார் அவசரத்தை மறந்து பேசிக்கொண்டே போகிற சீஃப் கெஸ்ட் இப்போது யார்?

லட்சுமம்மா எழுந்தாள். நேரே மேடைக்கு வந்து, தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து என் கையில் திணித்தாள். மைக் பக்கத்தில்தான் இருந்தது, அதனால் அவள் சொன்னது நாலு தெருவுக்குக் கேட்டது: "இன்னிக்குத் தெறக்கறாங்கன்னு ஒன்ன நம்பித்தான் காலைல ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன் கண்ணு. பேச்ச அப்பறம் வெச்சுக்க, மொதல்ல ரிப்பன வெட்டு!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஓரத்தில் ஒரு ஆள் கட்டிய கையை அவிழ்த்துத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், அது என் அப்பா. ரிப்பனை வெட்டிப் பூட்டைத் திறந்தேன். என் பேச்சைப் பாதியிலேயே விட்டுவிட்டு முன்வரிசை மொத்தமாக எழுந்து ஓடியதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே காமெடியன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.